கவராயம் குத்தாத வட்டம்

எண்பதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு ஈ பிரிவை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். அது தலையில் கட்டப்படும். என் தலையில் கட்டியபோது நான் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "குடுங்க மேடம். ஆனா எப்படி நடத்தறேன்னு மட்டும் கேக்கக் கூடாது" என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். அந்த வயதில் எனக்கு அப்படி ஒரு நாக்கு. இப்போதும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடம் தாம்பரத்தைத் தாண்டி, வண்டலூர் வருவதற்கு முன்னால், ரயில் பாதைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் ரயில் கூவும், மறுபக்கம் கல் லாரிகள் ஹாரன் அடிக்கும். இரண்டும் சேர்ந்துகொண்டால் பாடம் தானாக நின்றுவிடும். பிள்ளைகள் பேசி முடிக்க வேண்டியதையெல்லாம் அந்த நேரத்தில் பேசி முடித்துவிடுவார்கள். நான் குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் போவேன். கணக்கு டீச்சர் என்றால் கூட்டத்தில் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். காலை மிதித்துவிட்டு இறங்கிப் போவார்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் தேர்ச்சி குறையக் கூடாது என்பதற்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே வடிகட்டிவிடுவார்கள். ஆண்டுத் தேர்வில் கணக்கில் தேறாத பிள்ளை மறுபடி ஒன்பதில் உட்கார வேண்டியதுதான். வசதியான வீடாக இருந்தால் உட்காரும். ஈ பிரிவுப் பிள்ளைகள் உட்கார மாட்டார்கள். பையன்கள் திருமுடிவாக்கம் பட்டறைகளுக்கும் பெண்கள் சட்டை தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கும் போய்விடுவார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜூன் மாதம் வருகைப் பதிவு எடுக்கும்போது அந்தப் பெயர்கள் இருக்காது, அவ்வளவுதான்.

வட்டம் என்ற பாடத்தை ஈ பிரிவுக்கு யாரும் நடத்தியதே இல்லை. "சாய்ஸ்ல விட்டுடுங்க டீச்சர், அதுங்களுக்கு ஏறாது" என்று எனக்கு முன்னால் இருந்தவர் நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டுப் போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடுதான் வகுப்புக்குள் நுழைந்து, வட்டம் என்றால் என்ன என்று கேட்டேன்.

மொத்த வகுப்பும் எழுந்து, கீழ் வகுப்புகளில் உருப்போட்டதை ஒரே ராகத்தில் பாடியது. நிலையான ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்தில் இயங்கும் புள்ளியின் பாதை. ஓர் எழுத்து பிசகவில்லை. நான் பலகையில் ஒரு வட்டம் போட்டு, மையத்துக்கு O என்று எழுதாமல் K என்று எழுதினேன். உடனே சலசலப்பு. "டீச்சர், தப்பா போட்டுட்டீங்க" என்றான் ஒருவன். என்ன தப்பு என்றால், நடுவில் O இல்லையாம், அதனால் அது வட்டமே இல்லையாம். அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

மறுநாள் அவர்களை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விளையாட்டு விழாவுக்குக் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியை டிரில் சாரிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன். நெட்பால் கம்பத்தில் ஒரு கயிற்றை நானே இறுக்கிக் கட்டி, மறுமுனையை ஒரு பெண்ணிடம் கொடுத்து, கயிறு தளராமல் சுற்றிக்கொண்டே பொடி தூவச் சொன்னேன். அவள் சுற்றி வந்தாள். ஆரம்பித்த இடத்துக்கு வந்து பார்த்தால், கோடு கோட்டோடு சேரவில்லை. ஒரு சாணுக்கு மேல் உள்ளே தள்ளி நின்றது. இன்னொரு சுற்று போகச் சொன்னேன். இன்னும் உள்ளே போனது.

"ஏய், நீ ஒழுங்கா இழுத்துப் பிடிக்கலடி" என்று ஆளாளுக்கு அவளைத் திட்ட ஆரம்பித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கம்பத்திடம் போனாள். கம்பத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"டீச்சர், கயித்த கம்பம் முழுங்கிகினு கீது."

அப்படித்தான் அந்தப் பெண்ணை நான் முதன்முதலாகக் கவனித்தேன். ஒல்லியான பெண், கடைசி பெஞ்சு. அப்பா திரிசூலம் பக்கத்துக் குவாரியிலிருந்து கல் லாரி ஓட்டுபவர். எதையும் ஒப்பிக்க வராது. எழுந்து நின்றால் இரண்டாவது வரியிலேயே மறந்துவிடும். அதனால் எல்லாத் தேர்விலும் கீழே கிடந்தாள். ஆனால் பொருளைக் கண்ணால் பார்ப்பாள், கையால் தொடுவாள், பிறகுதான் பேசுவாள். இந்த மாதிரிப் பிள்ளையை மக்கு என்று சொல்லுகிற பள்ளிக்கூடத்தை என்னவென்று சொல்வது?

கயிற்றைத் தளர்த்தி, கம்பத்தைச் சுற்றி வழுக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி வளையமாகப் போட்டோம். இந்தத் தடவை கோடு கோட்டோடு போய் முத்தம் கொடுத்துக்கொண்டது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். சம தூரம் என்று ஒப்பித்துக்கொண்டிருந்த வார்த்தை அன்றுதான் அவர்களுக்குக் கைக்கு வந்தது. அப்போது பார்த்துத் தாம்பரம் பக்கத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் வட்டமடித்தது. "டீச்சர், அதுக்குக் கம்பம் எங்க?" என்றான் ஒரு பையன். நல்ல கேள்வி. எனக்கும் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

அதற்குப் பிறகு ஈ பிரிவையும் பிடிக்க முடியவில்லை, என்னையும் பிடிக்க முடியவில்லை. சத்துணவுத் தட்டைக் காகிதத்தில் கவிழ்த்து வட்டம் போட்டோம். வெட்டி எடுத்து ஒரு மடிப்பு, குறுக்கே இன்னொரு மடிப்பு. மடிப்பு இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் மையம். "சரி, மடிக்க முடியாத வட்டம்னா?" என்று கேட்டு, சிமெண்டுத் தரையில் அதே தட்டை வைத்து சாக்பீஸால் வரைந்தேன். தரையை எவன் மடிப்பான்? பாதிப் பேர் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் குத்துமதிப்பாகப் புள்ளி வைத்தார்கள். நூலை வைத்து அளந்து பார்த்தால் ஒருவர் புள்ளியும் தேறவில்லை.

அப்போது பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரு வரியை அவர்கள் கையில் கொடுத்தேன். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். அதைத் திருப்பிப் பாருங்கள் என்றேன். செங்கோணத்துக்கு எங்கே போவது? ஒவ்வொருவர் கையிலும் நோட்டுப் புத்தகம் இருக்கிறது, அதன் மூலை செங்கோணம்தானே. மூலையை வட்டக் கோட்டின் மேல் வை. நோட்டின் இரண்டு விளிம்பும் வட்டத்தை எங்கே வெட்டுகிறதோ அந்த இரண்டு இடத்தையும் சேர்த்து ஒரு கோடு போடு. அது விட்டம், மையத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். மூலையை வேறு இடத்தில் வைத்து இன்னொரு கோடு போடு. இரண்டும் வெட்டும் இடத்தில் மையம் தானாக மாட்டிக்கொள்ளும்.

லாரிக்காரர் மகள் அன்று தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வகுப்பில் கிடைத்த வட்டமான பொருளையெல்லாம் வரைந்து பார்த்தாள். டிபன் பாக்ஸ் மூடி, மைப் புட்டியின் அடிப்பாகம், கடைசியில் தன் கையில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் வளையல். "டீச்சர், மூலைய எங்க வெச்சாலும் கோடு நடுவுலயே வந்து குந்துது!" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அந்த உற்சாகத்தில் நான் வகுப்புக்கே ஒரு பிரசங்கம் செய்தேன். "கவராயம் இல்லேன்னா வட்டம் இல்லையா? ஸ்குரூ போச்சுன்னா அழுதுகிட்டு உக்காராதீங்க. கையில வளையல் இருக்கு, செங்கோணத்துக்கு பாக்ஸுல மூலைமட்டம் இருக்கு, மையம் எங்கயும் ஓடிப் போகாது" என்றேன். கவராயத்தைக் காம்பஸ் என்று மட்டுமே அறிந்திருந்த பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். இந்தப் பிரசங்கம் எங்கே போய் முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இங்கே எங்கள் பள்ளியின் மூத்த கணக்காசிரியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பு முழுக்க அவர் கையில் இருந்தது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் கவராயம் எப்போதும் குத்திக்கொண்டு நிற்கும். யாரிடமும் சிபாரிசுக்கு மசியாதவர். விடைத்தாள் திருத்தும்போது அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வட்டம் வரைந்த பக்கம் வந்தால், முதலில் படத்தைப் பார்க்க மாட்டார். தாளைத் திருப்பி, பின்னால் விரலால் தடவுவார். கவராயத்தின் முள் குத்தியிருந்தால் அந்த இடம் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் பைசா மார்க் கிடையாது. "மூடியையும் வளையலையும் வெச்சு வரைஞ்சுட்டு, நடுவுல கண்ணால புள்ளி வெச்சு ஏமாத்தறானுங்க. கண்ணை ஏமாத்தலாம், விரலை ஏமாத்த முடியாது" என்பார். சுற்றுவட்டாரத்தில் பல ஆசிரியர்கள் அவரைப் பார்த்து அதே மாதிரி தடவக் கற்றுக்கொண்டார்கள் என்று கேள்வி.

நான் மைதானத்தில் பாடம் நடத்துவதை அவர் மாடி வராந்தாவிலிருந்து பார்ப்பார். ஒரு நாள் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரே அளவில் வெட்டிய அட்டைக் கோணம் ஒன்றைக் கொடுத்திருந்தேன். அட்டையின் ஒரு விளிம்பு ஒரு நெட்பால் கம்பத்தையும் மறு விளிம்பு அடுத்த கம்பத்தையும் சரியாகக் காட்டுகிற இடத்தைத் தேடி, அங்கேயே அசையாமல் நிற்க வேண்டும். பிள்ளைகள் முன்னே பின்னே நகர்ந்து, ஒருவரை ஒருவர் இடித்து, கடைசியில் ஆளுக்கு ஓர் இடத்தில் நின்றார்கள். நின்ற பிறகு பக்கத்தில் பார்க்கச் சொன்னேன். யாரும் சொல்லாமலே, எல்லோரும் ஒரு பெரிய வில்லின் மேல் வளைந்து நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கே மெய்சிலிர்த்தது. மேலேயிருந்து அவர் குரல் வந்தது. "ஏம்மா, டிரில் பீரியடா?"

"இல்ல சார், ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள். மேல நிக்கறதால உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றேன். மணி அடிக்கிற வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் லாரிக்காரர் மனைவி என்னைத் தேடி வந்தார். பெண்ணுக்குக் கணக்கில் பாஸ் மார்க் வரவில்லை. அல்ஜீப்ரா அவளைக் கவிழ்த்திருந்தது. வகுப்பு வாசலில் நின்றுகொண்டே, உள்ளே வரக் கூச்சப்பட்டுக்கொண்டு பேசினார்.

"இன்னா டீச்சர் பண்றது, அவங்கப்பா ஒரே புடியா கீறாரு. முழுப் பரீச்சையில பாஸ் பண்ணா படிக்கட்டும், கோட் அடிச்சா கம்பெனிக்குப் போவட்டும்ன்றாரு. அவரு தங்கச்சி பொண்ணு அங்கதான் பட்டன் தைச்சிகினு கீது. இதுவும் கூடப் போவட்டும்ன்றாரு."

"உங்களுக்கு என்ன இஷ்டம்?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா டீச்சர் இஷ்டம், அது படிக்கணும்னு அழுவுது. ராத்திரி வூட்ல செவுரு பூரா வட்டமா போட்டு வெச்சிகீது. அவரு கத்தறாரு."

சுவர் முழுக்க வட்டம் போட்டிருக்கிறாள் என்றதும் எனக்குள் ஏதோ செய்தது. "நீங்க கவலைப்படாம போங்க, அவ பாஸ் பண்ணுவா. நான் சொல்றேன்" என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? யாரையும் கேட்கவில்லை. என் பிடி எனக்கு. அன்றிலிருந்து பள்ளி விட்ட பிறகு கொஞ்ச நேரம் அல்ஜீப்ராவை அவளுக்கும் இன்னும் சிலருக்கும் புகட்டினேன். அது முழுசாக ஏறவில்லை. வடிவியல் பகுதியில் ஒரு பெரிய கேள்வி வரும், அதை முழுதாகப் பிடித்துவிட்டால் அவள் கரையேறிவிடுவாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஆண்டுத் தேர்வுத் தாளை எங்கள் பள்ளியில் வகுப்பு ஆசிரியர் திருத்தக் கூடாது. மாற்றிக்கொடுப்பார்கள். ஈ பிரிவுத் தாள் மூத்த சாரிடம் போனது. கேள்வி நான் எதிர்பார்த்த மாதிரியே வந்திருந்தது: ஏதேனும் ஓர் ஆரமுள்ள வட்டம் வரைந்து, அதன் மேல் ஒரு புள்ளியைக் குறித்து, அந்தப் புள்ளியில் தொடுகோடு வரைக. தொடுகோடு என்றால் வட்டத்தை ஒரே இடத்தில் மட்டும் தொட்டுவிட்டுப் போகிற கோடு. மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு போட்டு, அதற்குச் செங்குத்தாக மூலைமட்டத்தை வைத்து இழுத்தால் முடிந்தது. அவள் தூக்கத்தில் கூடப் போடுவாள். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய் மாவடு ஊறுகாய் போட்டேன்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் தேர்ச்சி முடிவு செய்யக் கூப்பிட்டார்கள். மறுநாள் காலை முடிவைப் பலகையில் ஒட்டப் போகிறார்கள். தலைமையாசிரியை அறையில் ஈ பிரிவில் தேறாதவர்களைப் படித்தார்கள். அவள் பெயரும் வந்தது. பாஸ் மார்க்குக்கு ஐந்தாறு குறைச்சல்.

"அந்தத் தாளைக் காட்டுங்க" என்றேன். கொடுத்தார்கள். அல்ஜீப்ரா எனக்குத் தெரிந்த லட்சணத்தில்தான் இருந்தது. வடிவியல் பக்கத்தைத் திருப்பினேன். மூலையில் அழித்த வட்டம் ஒன்று. அதன் ஆரம்பமும் முடிவும் சேரவில்லை. பக்கத்தில் அழித்த இன்னொன்று, அதுவும் சேரவில்லை. ஸ்குரூ தேய்ந்துபோன கவராயம், வரைய வரையக் காலை அகட்டியிருக்கிறது. அத்தை மகள் படித்து முடித்துக் கொடுத்த பழைய ஜாமெட்ரி பாக்ஸ் அது. தேர்வு அறையில் பக்கத்துப் பிள்ளையிடம் எதையும் இரவல் வாங்கக் கூடாது. கீழே, பக்கத்தின் நடுவில், சுத்தமான ஒரு வட்டம் இருந்தது. எனக்கு அந்த அளவு தெரியும். சிவப்பு வளையல்.

அந்த வட்டத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ஒரு வரி: கவராயம் பயன்படுத்தவில்லை. அதற்கும் பக்கத்தில் ஒரு சுழி.

"சார், இது தப்பு" என்றேன்.

மூத்த சார் நிமிர்ந்து பார்த்தார். "எதும்மா தப்பு? அழிச்ச ரெண்டு வட்டத்துலயும் முள் குத்தியிருக்கு. இதுல குத்தல. வளையல் வெச்சு வரைஞ்சிருக்கா. நடுவுல புள்ளி கண்ணால வெச்சிருக்கா. தடவிப் பாரு."

"தடவ வேணாம் சார், எனக்குத் தெரியும். வளையல்தான். மையம் கண்ணால வெச்சது இல்ல."

"நடுப் புள்ளி வெக்கறதுக்குக் கண்ணு போதும்னா, கணக்குன்னு ஒண்ணு எதுக்கும்மா?" என்றார் அவர். அவர் குரலில் வெறுப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ஏனென்றால் அவர் சொன்னது சரி. நானே தரையில் நூல் வைத்து அளந்து அதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தேன்.

தலைமையாசிரியை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறி ஓடவில்லை, கரண்ட் போயிருந்தது. "டீச்சர், ஒருத்தருக்குக் கதவைத் திறந்தா எல்லாரும் வருவாங்க. ஒன்பதாவது இன்னொரு வருஷம் படிக்கட்டுமே. என்ன இப்ப?" என்றார்.

"அவ இன்னொரு வருஷம் படிக்க மாட்டா மேடம். நாளைக்குப் பேரு இல்லன்னா, அவங்கப்பா அவளைக் கம்பெனிக்கு அனுப்பிடுவாரு. அவங்கம்மா என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதுக்காக மார்க் போடுங்கன்னு நான் கேக்கல. இரக்கப்பட்டு ஒரு மார்க்கும் வேணாம்." நான் தாளை மூத்த சார் முன்னால் வைத்தேன். "கண்ணால வெச்ச மையமா, கணக்கால வெச்ச மையமான்னு என்னைக் கேக்காதீங்க. உங்க பையில இருக்கற கவராயத்தைக் கேளுங்க சார்."

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பித்தளைக் கவராயத்தை எடுத்தார். பென்சிலைக் கூராக்கினார். அவசரமே இல்லை. உண்மையைச் சொல்கிறேன்: என் பேச்சில் இருந்த தைரியம் பேச்சில்தான் இருந்தது. பரீட்சைப் பதற்றத்தில் அவள் கை நடுங்கியிருந்தால்? மூலைமட்டம் வழுக்கியிருந்தால்? முள்ளை அவள் வைத்த புள்ளியில் ஊன்றினார். பென்சில் முனையை வட்டத்தின் விளிம்புக்கு விரித்தார். தாளை ஒரு கையால் அழுத்திக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்.

பென்சில் அவள் கோட்டின் மேலேயே ஏறிப் போனது. கால் வட்டம். அரை வட்டம். கோட்டுக்கு மேல் கோடு. முக்கால் தாண்டியதும் ஓரிடத்தில் மயிரிழை விலகி வெளியே போனது. அடுத்த விரற்கடையில் மறுபடியும் கோட்டில் ஏறி, கிளம்பிய இடத்தில் வந்து சேர்ந்துகொண்டது.

அவர் விலகிய இடத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"வளையல் கொஞ்சம் நசுங்கியிருக்கு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. தலைமையாசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. இப்போதுதான் முதன்முதலாகப் படத்தைப் பார்த்தார். மெலிதாகப் போட்டிருந்த இரண்டு விட்டங்களை விரலால் தொடர்ந்து போனார். ஒவ்வொரு விட்டத்துக்கும் மேலே வட்டத்தின் விளிம்பில் மூலைமட்டத்தின் மூலை உட்கார்ந்த தடம் இருந்தது. தன் மூலைமட்டத்தை எடுத்து அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அடுத்ததிலும் வைத்துப் பார்த்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"புத்தகம்தான் சார். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். நீங்க வருஷா வருஷம் பலகையில எழுதிப் போடறது. அவ அதைத் திருப்பிப் போட்டிருக்கா."

"மறுதலை" என்றார் மெல்ல. தேற்றத்தைத் திருப்பிப் போட்டால் அதற்கு அதுதான் பெயர். அந்த வார்த்தையை அவர் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார். அன்று அவர் அதைச் சொன்ன விதம் வேறாக இருந்தது. புதிதாக வீட்டுக்கு வந்த குழந்தையின் பெயரைச் சொல்லிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

சுழியை அடித்தார். முழு மார்க் போடப் போகிறார் என்று நான் குனிந்து பார்த்தால், இரண்டு குறைத்துப் போட்டார். என் முகத்தைப் பார்த்ததும், "வரைமுறை எழுதல. படம் போட்டா போதுமா? எப்படிப் போட்டேன்னு எழுத வேணாமா? அதுக்கு ரெண்டு மார்க் கிடையாது" என்றார். நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். பாஸ் மார்க்கைத் தொட்டு, ஒரு படி மேலே நின்றது. அந்த இரண்டு மார்க்குக்காக அன்று அவரிடம் சண்டை போடாமல் இருந்தது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம்.

தாளை மடித்து வைக்கும் முன்னால், பழக்க தோஷம், திருப்பிப் போட்டு விரலால் தடவினார். இப்போது முள் குத்திய மேடு விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். அவர் குத்தியதுதானே. ஒரு கணம் விரலை அங்கேயே வைத்திருந்தார். "இனிமே யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கட்டோடு சேர்த்துக் கட்டினார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, காலையில் கேட்டருகே நின்று தாமதமாக வருகிறவர்களைப் பிடிக்கும் வேலை எனக்கு. ரோட்டோரமாக ஒரு கல் லாரி வந்து நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் கத்தினான். லாரி டிரைவர் அவனுக்குப் பதில் கத்திவிட்டு, இந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அந்த உயரத்திலிருந்து, புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாவாடையை ஒரு கையால் பிடித்தபடி அவள் குதித்தாள். லாரி நகர்ந்தது. டிரைவர் என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். நானும் கையைத் தூக்கினேன். அவள் பக்கம் திரும்பி, "ஓடு ஓடு, பெல் அடிச்சாச்சு" என்று விரட்டினேன்.

அவள் ஓடவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், அப்பா புது பாக்ஸ் வாங்கிக் குடுத்துகீறாரு. பத்தாவதுக்கும் நீங்கதான வருவீங்க?"

"நான் இல்ல. பெரிய சார் வருவாரு."

அவள் முகம் வாடிவிட்டது. தாளைத் தடவும் அந்த விரலைப் பற்றி ஈ பிரிவில் தெரியாத பிள்ளை இல்லை. கீழே குனிந்து கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் அந்தச் சிவப்பு வளையல் கிடந்தது. மற்றக் கையால் அதைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"இத்த கழட்டிடட்டா டீச்சர்?"

"போட்டுக்கோ" என்றேன். "சாருக்குத் தெரியும்."